கொண்டையை அவிழ்த்த பிரசவம்

நர்சுப் பயிற்சி முடித்த புதிதில், எல்லாம் தெரியும் என்ற துடுக்கு எனக்கு. கீழக்குயில்குடியில் ஒரு தலைப்பிரசவத்துக்குக் காலையிலேயே போனேன். அந்த வீட்டில் பெட்டி, கதவு, தானியக் குலுக்கை எல்லாம் திறந்து கிடந்தன. கட்டின கயிறுகளைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அப்போதுதான் பிள்ளை தடையில்லாமல் வருமாம். நான் சிரித்துவிட்டேன்.

உச்சிப்பொழுதாகியும் பிள்ளை வரவில்லை. அந்தப் பெண் முக்காமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முக்கு தாயி" என்றேன்.

"நீங்க கொண்டைய இம்புட்டு இறுக்கி முடிஞ்சிருக்கீகளே, பிள்ள எப்படிம்மா வரும்?" என்று அழுதாள்.

"என் கொண்டைக்குள்ளயா பிள்ள இருக்கு?"

பக்கத்தில் நின்ற அவள் மாமியார்கூடச் சிரித்துவிட்டாள், அந்தப் பெண் சிரிக்கவில்லை.

தலைவிரிகோலமாகப் பிரசவம் பார்ப்பது சுத்தக்கேடு என்று படித்தவள் நான். ஆனால் அவளுக்குத் தெம்பு இறங்கிக்கொண்டே வந்தது. கொண்டை ஊசிகளைப் பிடுங்கினேன். அவிழ்ந்த கூந்தலை ஒரு துணியால் மூடி, முடிச்சுப் போடாமல் செருகிக்கொண்டு, கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த வலிக்கு அவள் மூச்சைப் பிடித்து முக்கினாள். சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

கொண்டைக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வந்ததும் நாடி பார்த்த நான், அவள் பயத்தைப் பார்க்க அரை நாள் எடுத்துக்கொண்டேனே, அதுதான் உறுத்துகிறது.