ரத்தப்பை இடம் மாறிய நாள்

பாட்டாகவே நாடகம் நடத்தும் அந்த ஆப்பரா அரங்கத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். ஒரு ஊசிகூடக் கீழே விழாது. உடை தைக்கும் அறைதான் அவள் ராஜ்ஜியம். அவள் புருஷன் அங்கே பாடகன். கூட்டத்தோடு கூட்டமாய்க் கோரஸ் பாடியே வயசானவனுக்கு இந்த முறைதான் கதாநாயகன் வேடம் கிடைத்தது. ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கோட்டுக்குப் பொத்தானை மட்டுமே நாலு தடவை மாற்றி மாற்றித் தைத்தாள்.

ஆப்பரா பழையது. பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவன், ஒன்றுமில்லாததுக்குச் சந்தேகப்பட்டு, கடைசியில் அவளைக் குத்திக் கொல்கிறான்.

"இந்த ஆளுக்குப் புத்தி மட்டா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு போற விஷயம்," என்று ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் ஊசியக்கா திட்டுவாள். சந்தேகம் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

கத்தி பொய்க்கத்தி, அமுக்கினால் அலகு பிடிக்குள் போய்விடும். ஆனால் ரத்தம் வர வேண்டுமே. அதற்காக நாயகியின் கவுனுக்குள், இடுப்புக்குச் சற்றுக் கீழே, சிவப்புச் சாயம் நிரப்பிய சின்ன ரப்பர் பையைத் தைத்து வைப்பாள். ஓங்கிக் குத்தினால்தான் அது உடையும்.

கவுனைப் போட்டுப் பார்த்த அன்று நாயகிக்கு இடுப்பில் கொக்கி சேரவில்லை. "வாயக் கட்டுடி," என்று கேலி செய்த ஊசியக்கா, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மூணு மாசம்க்கா. தெரிஞ்சா வேஷத்தப் பிடுங்கிடுவாங்க. உங்களத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். அது யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

ஊசியக்கா கேட்கவில்லை. தனக்கு வாய்க்காதது இவளுக்காவது வாய்த்ததே என்று மனசு நிறைந்துபோய், தையலைப் பிரித்து இடுப்பைத் தளர்த்திக் கொடுத்தாள். ஓட்டை வாய்க்காரி, இதைப் புருஷனிடம்கூட மூச்சுவிடவில்லை.

கடைசி ஒத்திகையன்று காலை புருஷன் தையல் அறைக்கு வந்தான். உட்காராமல் தொங்கும் துணிகளைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்னங்க வேணும்?"

"அந்த ரத்தப்பைய இடுப்புகிட்ட வைக்காத. மேல, தோள் பக்கமா வச்சிரு."

"ஏன்? அங்க இருந்தாத்தானே நல்லாத் தெரியும்?"

"இந்த நேரத்துல அவளுக்கு அங்க அடிபடக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஊசியக்காவின் வாயிலிருந்த ஊசிகள் தரையில் சிதறின.

"எத்தன நாளா?" என்றாள். அவன் தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தைதான் கேட்டாள், எல்லாம் முடிந்துபோயிற்று. யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்? அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்ததே அவள்தானே.

பையைப் பிரித்துத் தோள் பக்கம் தைத்தாள். அதோடு விடவில்லை, வயிறு வரும் இடத்தில் உள்பக்கமாகப் பஞ்சு வைத்தும் தைத்தாள். குழந்தை என்ன பாவம் செய்தது?

ஒத்திகையில் அவன் பாடியதைக் கேட்டு விளக்குக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொறாமைய இப்படிப் பாட எங்கய்யா கத்துக்கிட்டே?" என்று இயக்குநர் அவனைக் கட்டிக்கொண்டார்.

கவுனைக் கழற்ற வந்த நாயகி, "அக்கா..." என்றாள். ஊசியக்கா கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அனுப்பினாள்.

வேஷத்தைக் கலைத்துவிட்டு அவன் வாசலில் வந்து நின்றான். "வீட்டுக்குப் போலாமா?"

"அவளக் கூட்டிட்டுப் போங்க. பின்பக்கப் படி செங்குத்தா இருக்கு, கையப் பிடிச்சுக்குங்க."

அவன் போன பிறகு, சாயம் காய்வதற்குள் கவுனை அலச உட்கார்ந்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.