பள்ளி வாசல் வரை ஓட்டத் தெரிந்தவர்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அவள் அம்மாவும் வாக்காளர் பட்டியலும் மட்டும்தான் மிச்சம். தெருவில் மற்ற எல்லோருக்கும் அவள் மூணேகால் அக்கா.

பிள்ளைகளின் பள்ளி மூன்றரைக்கு விடும். அதனால் எங்கே, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மூன்றேகாலுக்கு எழுந்துவிடுவாள். ஒருமுறை பல் டாக்டர் சொத்தையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து நடந்துவிட்டாள். டாக்டர் கருவியும் கையுமாகப் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்து, "வாயையாவது மூடிட்டுப் போங்கம்மா" என்றாராம்.

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. கணவர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளர். காலை ஒன்பதரைக்குப் போனால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஆக, பள்ளி நடக்கும் நேரத்துக்குள் அடங்குகிற, விடுமுறை வந்தால் விட்டுவிடுகிற ஒரு வேலை வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கோரிக்கை. கேட்டவர்கள் நிலாவில் பாதியை வெட்டிப் பொட்டலம் கட்டச் சொன்னதுபோலப் பார்த்தார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தாள். தினமும் மூன்றேகாலுக்கு 'ஐந்து நிமிடத்தில் வருகிறோம்' பலகையை மாட்டிவிட்டு ஓடுவாள். ஒருநாள் ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியை மாட்டிய முகத்தோடு முக்கால் மணி நேரம் சுவரிலிருந்த எழுத்துகளையே படித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை போயிற்று. பிறகு வீட்டிலிருந்தே தொலைபேசியில் கருத்துக் கேட்கும் வேலை. விடுமுறை நாளில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மகன் போனை எடுத்து, முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் என்னென்ன இருக்கிறது என்று தட்டுத் தட்டாக விசாரித்துவிட்டான். அதுவும் போயிற்று. அடுத்து ஓர் அலுவலகம். அங்கே விடுமுறை வரும்போதெல்லாம் அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். இரண்டு வருடத்தில் மூன்று முறை. நிஜப் பெரியப்பா கல்லுக்குண்டாகக் காலையும் மாலையும் நடை போய்க்கொண்டிருந்தார். நான்காவது முறை மேலாளர், "அந்த மனுஷனை ஒரு தடவையாவது உயிரோட பாக்கணும்மா, கூட்டிட்டு வாங்க" என்றார். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

இப்படி அலைந்து திரிந்துதான் டிரைவிங் ஸ்கூல் வேலை கிடைத்தது. அவளுடைய அப்பா சரக்கு வண்டி வைத்திருந்தவர். பல் முளைக்கும் முன்பே கியர் பிடித்தவள் என்று உறவில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வேலை ஒன்பதிலிருந்து நான்கு வரை. பள்ளி விடுவது மூன்றரைக்கு. நடுவில் அரை மணி நேரம் இடித்தது. அந்த அரை மணி நேரத்துக்காக இந்த வேலையையும் விட்டால், கணவர் சொல்லிக்கொண்டிருந்தபடி அவர் கடையில் ஞாயிறுகளில் ஆணி எண்ணிப் போடத்தான் போக வேண்டும்.

யோசித்தாள். மூன்று மணி மாணவர் கார் ஓட்டித்தான் ஆக வேண்டும். எங்கேயாவது ஓட்டுவதற்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினால் என்ன?

காரின் முன்பலகையில் முதலாளி ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: 'பயிற்சியின்போது மூன்றாம் ஆள் ஏறக் கூடாது. ஏறினால் வேலை போகும்.' ஆள் என்றுதானே போட்டிருக்கிறது, இதுகள் பிள்ளைகள்தானே என்று அவள் தனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடி, தனக்குள்ளேயே தீர்ப்பும் வாங்கிக்கொண்டாள்.

மூன்று மணி மாணவர் ஓய்வுபெற்ற நூலகர். வயது அறுபத்திரண்டு. வேறு இரண்டு பயிற்சியாளர்கள் கும்பிடு போட்டுக் கைகழுவிய கேஸ். சத்தம் என்றாலே உடம்பு சிலிர்க்கும் மனிதர். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். அவர் ஓட்டுகிற வேகத்தில் நடைபாதையில் போகிறவர்கள் பேச்சுக்கொடுத்துக்கொண்டே கூட வரலாம். தன் மகள் வயதுக்காரியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"டீச்சர், இன்னைக்கு வேற ரோட்ல போவோமா?"

"இந்த ரோடு முதல்ல கைக்கு வரட்டும் சார்."

இரண்டு மாதமாக அது கைக்கு வந்துகொண்டே இருந்தது. டிரைவிங் ஸ்கூல், சோபாக் கடை, ரவுண்டானா, பள்ளி வாசல். அங்கே பிள்ளைகள் ஏறுவார்கள். பிறகு வீடு. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் சரியாக நான்கு. வாசலிலிருந்து வீடு வரை பின்சீட்டில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள்.

"மாமா, கிளட்சை மெதுவா விடுங்க. தவளை மாதிரி குதிக்குது."

"மாமா, இண்டிகேட்டர் அந்தப் பக்கம் போட்டு இந்தப் பக்கம் போறீங்க."

"நேத்தும் இதையேதானே சொன்னேன் மாமா."

முதல் வாரம் நூலகர் ஒவ்வொன்றுக்கும் உஷ் என்றார். இரண்டாம் வாரம், "சரி, சரி" என்றார். இரண்டாம் மாதம் கார் தவளை மாதிரி குதிப்பது நின்றுபோயிற்று.

நூலகருக்கு லைசென்ஸ் தேர்வு வைத்த நாள், பெரிய விடுமுறைக்கு முந்தைய வியாழன், மூன்று மணி. தேர்வு வைக்கும் இன்ஸ்பெக்டர் காரில் ஏறிக்கொள்வார். அவள் கூடப் போகக் கூடாது. அன்று நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்று காலையிலேயே பிள்ளைகளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். வெளியே வேலை இருக்கிறது என்று முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றேகாலுக்கே பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். அட்டையில் செருகிய தாளும் காதில் செருகிய பேனாவுமாக ஏறி உட்கார்ந்து, "உங்க இஷ்டத்துக்கு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

நூலகருக்கு இஷ்டம் என்று தனியாக எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு உலகம்.

மூன்றரை மணி அடித்து, கதவு திறந்து, கொட்டிக் கவிழ்த்த பொத்தான்கள் மாதிரி பிள்ளைகள் வெளியே சிதறியபோது, ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் வருவதை அவள் பார்த்தாள். இண்டிகேட்டர் சரியாகப் போட்டிருந்தது. வாசலுக்கு நேரே, ஓரத்துக்கு ஒரு சாண் விட்டு, அலுங்காமல் நின்றது. நூலகர் ஹேண்ட்பிரேக் போட்டார். பின்னால் கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

காலையில் மூன்று தடவை சொன்னது பிள்ளைகளுக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது. ஏறிவிட்டார்கள்.

அவள் ஓடிவந்து, "இறங்குங்க, இறங்குங்க" என்று கதவைப் பிடித்தாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இறக்கினார். "நீங்க யாரு?"

"இவங்க அம்மா சார்."

"இவங்க யாரு?"

"என் பிள்ளைங்க சார்."

"எதுக்கு இந்தக் கார்ல ஏறினாங்க?"

நூலகர் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவர். "தினமும் ஏறுவாங்க சார்," என்றார் பணிவாக.

"நீங்க யாரு மாமா, புதுசா இருக்கீங்க?" என்று மகன் இன்ஸ்பெக்டரைக் கேட்டான். "பெல்ட் சரியா போடல பாருங்க."

அதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. நூலகர் உஷ் என்று சொல்லவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் காதிலிருந்த பேனாவை எடுத்து எதையோ எழுதினார். பிறகு, "நீங்களும் ஏறுங்கம்மா, வழி மறிக்குது" என்றார்.

வீடு வரை இன்ஸ்பெக்டரின் மடியில் மகளின் புத்தகப் பை இருந்தது. மகள் வழக்கம்போல வளைவுகளில் நூலகருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் அவள் ஏழு என்றதும், இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல், "எட்டு போடலாம்" என்றார். மூணேகால் அக்காவோ மதிப்பெண் எதுவும் காதில் விழாமல், போன வேலைகளின் வரிசையில் இதை எத்தனையாவதாகச் சேர்ப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

நூலகர் பாஸ். அன்று சாயங்காலமே முதலாளியிடமிருந்து செய்தி வந்தது: நாளை பத்து மணிக்கு நேரில் வரவும். மறுநாள் பள்ளிக்கும் விடுமுறை விட்டாயிற்று. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டுதான் போனாள். குற்றவாளியாகப் போவது என்றால் குடும்பத்தோடு போவோம் என்று கணவரிடம் சொன்னாள். அவர் ஆணி எண்ணுவதற்கு ஒரு டப்பாவையே எடுத்து வைத்திருந்தார்.

முதலாளி கதவைச் சாத்தினார். "இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் சொன்னாரு."

பெரியப்பாவைக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், கிழவர் எத்தனை தடவைதான் சாவார். "தப்புதான் சார்," என்றாள். "எனக்கு மூணரைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும். லீவு விட்டா பகல்ல வரவே முடியாது. அவர் வீட்ல இருக்கிற நேரம், காலைல ஒன்பது மணி வரைக்கும்தான் வர முடியும். உள்ளதைச் சொல்லிட்டேன். மத்தபடி உங்க இஷ்டம்."

முதலாளி மேசைமேல் இருந்த பொம்மைக் காரை முன்னும் பின்னும் உருட்டினார். "அந்த லைப்ரரிக்காரரை ரெண்டு பேர் விட்டுட்டுப் போனாங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். இதுங்கதான் பின்னாடி உட்காந்து கத்தும்."

"பயப்படாமலா?"

"இதுங்களா சார்? யாரைப் பாத்து?"

முதலாளி எழுந்து ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். குரல் பாதியாயிற்று. "இருபது வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. இங்க இருக்கற எல்லார்கிட்டயும் கத்துப் பாத்துட்டேன். முதலாளின்னு ஒருத்தன்கூடத் திட்ட மாட்டேங்கறான். கம்பத்துல மோதினா, கம்பம் தப்பான இடத்துல இருக்கு சார்ங்கறான்."

அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"லீவு பூரா காலைல ஆறு மணிக்கு எனக்கு கிளாஸ் எடுங்க. ரோட்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பிள்ளைங்களும் வரணும், அதான் முக்கியம். பகலுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். ஸ்கூல் திறந்ததும் நீங்க பழையபடி வாங்க, மூணு மணி வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு நான் கேக்க மாட்டேன்."

தலையாட்ட அவள் தலை பாதி இறங்கியிருந்தது.

"ஆறு முடியாது," என்றாள் மகள். "லீவுல ஏழு."

"ஆறே முக்கால்," என்றார் முதலாளி.

"ஏழுக்கு முன்னாடி எழுப்பினா தம்பி அழுவான். அழுதுகிட்டே சொன்னா உங்களுக்குப் புரியாது."

முதலாளி நோட்டை எடுத்து ஏழு என்று எழுதி, அடிக்கோடு இட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கார் நான்கு முறை குதித்து நின்றது. பின்சீட்டில் மகன் கொட்டாவி விட்டு முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரெண்டு காலையும் ஒண்ணா எடுக்காதீங்க," என்றான் அவன். "எத்தனை தடவை சொல்றது."

"இப்பதான் தம்பி முதல் தடவை சொல்றீங்க," என்றார் முதலாளி, சாவியை மறுபடி திருப்பியபடி.