கம்ப்யூட்டரில் வைத்த குடித்தனம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அண்ணன் யாரோ முகம் தெரியாத விஞ்ஞானிகளுக்கு விட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது உள்வாடகையில வராதா?" என்பதுதான்.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். குவார்ட்டர்ஸ் கம்பெனி கொடுத்தது. அதில் நாம் இருக்கலாம், வெளியாளை வைக்கக் கூடாது. வைத்தால் முதலில் மெமோ, அப்புறம் வீடே கான்சல். மைன்ஸில் எவ்வளவு பெரிய மெஷினையும் பயமில்லாமல் ஓட்டுகிற அப்பா இந்த ஒரு சொல்லுக்கு நடுங்குவார்.

அண்ணன் புதுச்சேரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். பொங்கல் லீவுக்கு வந்தவன் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டான். நாம் கம்ப்யூட்டரைத் தொடாத நேரத்தில் அது தானாகக் கணக்குப் போட்டு, எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புமாம். உடம்பிலுள்ள புரதங்கள் எப்படிச் சுருண்டு மடிகின்றன என்று தெரிந்துவிட்டால் வியாதிகளுக்கு மருந்து கண்டுபிடிக்கலாமாம். தமிழ்நாடே கரண்ட் இல்லாமல் தவித்த வருஷம் அது. எங்கள் நகரியத்தில் மட்டும் கரண்ட் போகாது. "சும்மாதானேப்பா கிடக்குது" என்றான் அண்ணன். நான் ஏழாம் வகுப்பு. திரையில் அந்தப் புரதம் கலர் கலராக ரிப்பன் போல நெளிவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்து வியாதிகளையெல்லாம் நான்தான் தீர்க்கிறேன் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அலட்டாத நாளில்லை.

அப்பாவின் பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. எங்கள் பின்னறையில் அப்போது நிஜமாகவே ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அப்பாவோடு வேலை செய்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, அவர் மனைவி, ஒரு கைக்குழந்தை. மார்கழியில் அடித்த புயலில், பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்தில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்துபோனது. அப்பாதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? "யாரு கேட்டாலும் சித்தின்னு சொல்லு" என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை, டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அண்ணன் காலேஜுக்குத் திரும்பியிருந்தான். பின்னறைக்காரர் வேலைக்குப் போயிருந்தார். சித்தியும் குழந்தையும்தான் உள்ளே. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வெளியாள் வச்சிருக்கீங்கன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்குது. உள்ள பாக்கலாங்களா?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, நாக்கு குழறும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆமாங்க சார். வெளியாளுங்களுக்குத்தான் விட்டிருக்கோம். இதோ, இந்தக் கம்ப்யூட்டர."

வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா விடவில்லை. பையன் போட்டது, வாடகை கிடையாது, ஆனால் ஓடுவது கம்பெனி கரண்டில், தப்பென்றால் இப்பவே நிறுத்திவிடுகிறோம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர்! பெரிய உண்மையை மறைக்க வழி தெரியாமல் ஒரு சின்ன உண்மையை எடுத்து நீட்டுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, என் கம்ப்யூட்டரால்தான் வீடு போகப்போகிறது என்று நினைத்தேன்.

"மருந்து கண்டுபிடிக்கத்தான் சார். வீட்ட கான்சல் பண்ணிடாதீங்க" என்று அழுதுகொண்டே முன்னால் போய் நின்றேன்.

வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது என்னா பாப்பா, இப்பிடி நெளியுது?" நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். சர்க்கரை வியாதிக்கு மருந்து வருமா என்று கேட்டார். அதற்கும் வரும் என்று அடித்துவிட்டேன்.

பின்பக்கம் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. அம்மா சித்தியைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். குழந்தை ஒருமுறை வீறிட்டு அடங்கியது. "இந்தச் சிவப்பு எதுக்கு?" என்று அவர் உரக்கக் கேட்டார். அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன்.

கடைசியில் எழுந்து, "வாடகை வாங்கலன்னா இது உள்வாடகையில வராது" என்று அப்பாவிடம் சொன்னார். பின்னறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

கேட் வரைக்கும் அப்பாவோடு நானும் போனேன். ஸ்கூட்டரை உதைக்கப் போனவர் நின்று, "வடக்குத்துல கூரை எப்ப முடியுமாம்?" என்று கேட்டார்.

"மாசிக்குள்ள முடிஞ்சிடுங்க சார்." அப்பா மெதுவாகச் சொன்னார்.

"சரி. பங்குனியில வந்து பின்னறையப் பாத்துக்கினு போறேன். அதுக்கப்புறம் ரிப்போர்ட்டு எழுதுறேன்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய பிறகும் அப்பா கேட்டைப் பிடித்தபடி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நைட் ஷிப்ட் அசதி என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். வந்தவர் என் கம்ப்யூட்டரைப் பார்த்து மயங்கிப்போய்ப் பின்னறையை மறந்தே போய்விட்டார் என்று அம்மாவிடம் கத்தினேன். தோட்டத்திலிருந்து வந்த சித்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு அதையே பெருமையாகச் சொன்னேன். வந்தவர் கூரையைப் பற்றிக் கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டில் நின்று பேசுகிற பேச்சு, அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.