போனஸுக்குப் போன மூட்டை

ராஜாமணி அக்காவுக்கு உலகம் இரண்டே வகை: மாடு தின்பது, மாடு தின்னாதது. கேன்டீனில் யாராவது வாழைப்பழம் உரித்தால் தோலுக்குக் கையை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்பார். கீரைத் தண்டு, மிஞ்சிய சோறு, முட்டைக்கோஸின் மேல் இலை எல்லாம் அவர் வாளிக்குத்தான். ஒரகடத்தில் எங்கள் கம்பெனி இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிறது. பூசிக் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் எனக்கும் அவருக்கும் வேலை.

அக்கா வடக்குப்பட்டுக்காரர். நிலம் போய்விட்டது, மாட்டு ஆசை மட்டும் போகவில்லை. போன தீபாவளிக்கு வந்த போனஸில் ஒரு சிவப்புக் கிடாரி வாங்கி, அதற்குப் போனஸ் என்றே பெயரும் வைத்துவிட்டார். இப்போது அது சினை. சூப்பர்வைசர் மீட்டிங்கில் போனஸ் என்று வாயெடுத்தாலே அக்கா எழுந்து, "நல்லா கீது சார்" என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவோம்.

அப்பேர்ப்பட்டவர் கண்முன்னால்தான் மாரிசெல்வி உளுந்தம் பொட்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். மாரிசெல்வி எங்கள் லேபில் கெமிஸ்ட், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். உளுந்து உடைக்கும் மில்லில் மிஞ்சும் கறுப்புத் தோல்தான் பொட்டு. அதை நீல டிரம்மில் நிரப்பி மேலிருந்து நிக்கல் தண்ணீரை விட்டால், தோல் நிக்கலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள்.

"அடிப்பாவி, மாடு துன்றத எடுத்துகினு வந்து சாக்கடைல கொட்றியே!" என்று அக்கா குதித்தார்.

"யக்கா, வெளிய போற தண்ணிய என்னைக்காவது ஒங்க மாடும் குடிக்கும்லா? அதுக்குத்தான் இந்தப் பாடு."

பச்சையாக உள்ளே போன தண்ணீர் கீழே தெளிவாக வந்தது. மாரிசெல்வி சோதித்துப் பார்த்துவிட்டு, நிக்கல் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று துள்ளினாள். அக்காவும் குவளையை வெயிலில் தூக்கிப் பார்த்து, "பரவால்ல" என்றார். ஆனாலும் புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டார்.

நிக்கல் ஏறிய பொட்டைத் திரும்ப மூட்டை கட்டி, அபாயக் கழிவு எடுக்கும் லாரிக்காக வாசலருகே வைக்க வேண்டும். மாரிசெல்வி ஒழுங்கான பெண். முதல் மூட்டையின் மேல் கொட்டை எழுத்தில் 'உளுந்தம் பொட்டு' என்றும், கீழே சின்னதாகப் 'பயன்படுத்தியது' என்றும் எழுதினாள். லாரி வந்தபோது மூட்டையைக் காணோம்.

"உங்க வூட்டுக்காரர்தான் வண்டில வச்சிகினு போனாரு," என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டி. அக்காவின் கணவர் எல்லப்பன், கேன்டீன் வாளியை எடுத்துப்போக மதியம் வருவது வழக்கம்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. போன் போட்டால் எல்லப்பன் எடுக்கவில்லை. என் பைக்கில் ஏறியவர் வடக்குப்பட்டு வரும்வரை என் தோளைப் பிறாண்டி எடுத்துவிட்டார். "வயித்துல கன்னு கீதுப்பா, கொஞ்சம் வேகமாப் போயேன்!"

கொட்டகையில் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. எல்லப்பன் மாட்டைத் திட்டிக்கொண்டு நின்றார்.

"திமிரப் பாரு ஒன் மாட்டுக்கு! கழனித்தண்ணில கலந்து ஆசையா வச்சேன். மோந்து பாத்துட்டு ஒரே முட்டு. ஒரு வாய் வைக்கல."

அக்கா போனஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அப்புறம் சிரித்தார். அப்புறம் கணவர் பக்கம் திரும்பினார். அவர் வாங்கிய வசவை அச்சில் ஏற்ற முடியாது.

"மூட்டை மேல பொட்டுன்னு எழுதிக்கீதேடி! வீணாப் போவுது, வீணாப் போவுதுன்னு தெனம் பொலம்பினது நீதான?"

கோழி கொத்திவிடப் போகிறது என்று, அக்கா சிந்தியதை மண்ணோடு வழித்து மூட்டையில் அள்ளினார்.

மறுநாள் மாரிசெல்வி அழுத முகத்தோடு வந்து நின்றாள். அக்கா அவளை ஒரு சொல் திட்டவில்லை. சிவப்பு பெயின்டையும் பிரஷையும் கையில் கொடுத்து, அடுத்த மூட்டை முன்னால் உட்கார வைத்தார்.

"பொட்டுன்னு எழுதாத செல்வி. பொட்டுன்னா எங்க ஊர்ல ஒருத்தனும் வுட மாட்டான், அள்ளிகினு பூடுவான். அது இன்னாத்த முழுங்கி வச்சிகீதோ அத்த எழுது."

மாரிசெல்வி 'நிக்கல்' என்று எழுதினாள்.

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "எங்க வூட்டுக்காரருக்கு நிக்கல்னா இன்னா தெரியும்? வெசம்னு எழுதும்மா."