கல்யாண மண்டபத்து வாசலில் ரோபோ பரீட்சை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தருமபுரிக்குப் போய் வந்தேன். ஒகேனக்கல் பார்க்கப் போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் போனது பரீட்சை எழுத. நாற்பத்தாறு வயதில், நகத்தைக் கடித்துக்கொண்டு. என்னைப் போல அலையப்போகிற மருத்துவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி எனக்குப் பல வருடப் பழக்கம். இப்போது எங்கள் மருத்துவமனைக்கு ரோபோ வந்திருக்கிறது. அது தானாக எதையும் அறுக்காது. மருத்துவர் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் பார்த்தபடி, தன் விரல்களால் அதன் கைகளை ஆட்டுவிக்க வேண்டும். அதற்கு முன் சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்தின் திரையில் பழகி, எல்லாப் பாடங்களிலும் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ரோபோவைத் தொட விடமாட்டார்கள்.

தையல் பாடத்தில் இரண்டு முறை தோற்றிருந்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் ரோபோவில் தொடு உணர்வு கிடையாது. நூல் இறுகியதை விரல் உணராது. பழகிய கையோ அந்த இறுக்கத்தைத் தேடி இழுத்துக்கொண்டே போகும். திரையில் நூல் பட்டென்று அறும். புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்களைப் போன்ற பழைய கைகளுக்குத்தான் அதிகம். மூன்றாவது முறையும் தவறினால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ரோபோவில் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பயிற்சி நிறுவனம் ஒன்று சிமுலேட்டரைப் பேருந்தில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. அந்த வாரம் அது தருமபுரியில் நின்றது. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறே காலுக்கு ஏறினேன். டிக்கெட் எழுபது ரூபாய், எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்ததால் ஏழே முக்கால் ஆகிவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். இறங்கிப் பார்த்தால் கல்யாண மண்டபம், வாழைமரம், ஒலிபெருக்கி. பரீட்சைப் பேருந்து மண்டபத்து வாசலிலேயே நின்றது. அதன் ஏசிக்கும் இயந்திரத்துக்கும் தாங்கும் மின்சாரம் அங்கேதான் கிடைத்ததாம். அன்று முகூர்த்த நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

கல்யாணப் பெண்ணின் அப்பா பன்னீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு என்னையும் பேருந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தம் எடுக்குற வண்டிங்களா?"

"இல்லைங்க, டாக்டருங்களுக்குப் பரீட்சை வைக்கிற வண்டி."

"டாக்டருக்குமா!" என்றார். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை என்னால் மன்னிக்கவே முடியாது. "இருந்து சாப்டுட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்."

பேருந்துக்குள் பயிற்சியாளர் சுகந்தி இருந்தார். பாப்பாரப்பட்டிக்காரர். முன்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். பரீட்சைக்கு முன் அரை மணி நேரம் பழகவிட்டார். பழகும்போதே இரண்டு நூல் அறுந்தது.

"மேடம், நீங்க பீப் சத்தத்துக்குக் காத்துட்டு இருக்கீங்க" என்றார். "அது அடிக்கும்போதே லேட்டுங்க. ஊசி போன ஓட்டையப் பாருங்க. ரவுண்டா இருந்தா சரி. நீளுச்சுன்னா கைய நிறுத்திடுங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் காதில் பீப் விழும்போது கண் சும்மா இருந்துவிடுகிறது. அளவுக்கு மீறி இழுத்தால் இயந்திரம் எச்சரிக்கும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு முறையும் கவிழ்ந்தேன்.

ஒன்பதரைக்குப் பரீட்சை தொடங்கியது. மற்ற பாடங்கள் ஓடிவிட்டன. கடைசியாகத் தையல். முதல் முடிச்சைப் போடப் போகிறேன், வெளியே கெட்டிமேளம்! ஒலிபெருக்கி பேருந்தின் ஜன்னலை ஒட்டித்தான் கட்டியிருந்தது. இருக்கையே அதிர்ந்தது. பீப்பாவது மண்ணாவது, ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தலாமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஊசித் துளையையே பார்த்தேன். வட்டம். இழுத்தேன். வட்டம். இன்னும் கொஞ்சம். லேசாக நீண்டது, நிறுத்தினேன். அடுத்த தையல். மேளம் ஓய்ந்தபோது கடைசி முடிச்சையும் போட்டிருந்தேன். ஒரு நூல்கூட அறவில்லை.

சுகந்தி திரையைத் திருப்பிக் காட்டினார். தேர்ச்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தாலும் துடைத்துக்கொள்ளவில்லை.

"தாலி கட்டுன நேரம் மேடம், நல்ல நேரம்!" என்று சிரித்தார்.

யார் கல்யாணம் என்றே தெரியாமல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கினேன். பெண்ணின் அப்பா தாம்பூலப் பையைக் கையில் திணித்தார். பதினொன்றரைக்குப் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் பேருந்து. நாற்பத்தேழு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பரிசலில் ஏறினேன். சாரல் முகத்தில் அடித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். பரிசல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் துடுப்புப் போடுவதைத் தொடர்ந்தார். கரையில் மீன் வறுவல் வாங்கி, முள்ளை விரலாலேயே தடவித் தடவி எடுத்துத் தின்றேன். அன்று காலையிலிருந்து என் விரல்களுக்குத் தொட்டு உணரக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

போகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் தருமபுரிப் பேருந்துகளில் உட்கார இடம் கிடைக்காது, சீக்கிரம் கிளம்புங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல்லில் இருட்டுவதற்குள் பேருந்து ஏறிவிடுங்கள். பரீட்சைக்குப் போகிறவர்கள் சிமுலேட்டரில் ஒலியை அணைத்துவிட்டுப் பழகுங்கள். சான்றிதழ் வந்ததும் எல்லாம் முடிந்ததென்று நினைக்காதீர்கள். முதல் சில அறுவை சிகிச்சைகளில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பார்க்கட்டும், நல்லதுதான்.

என் முதல் நோயாளி பாலக்கோட்டிலிருந்து வந்த தக்காளி விவசாயி. குடலிறக்கம். கையெழுத்து வாங்கப் போனபோது நேராகவே கேட்டார்.

"இந்த மிசின்ல உங்களுக்கு இது எத்தனாவதுங்க?"

"முதல் முறைங்க. அனுபவமுள்ள டாக்டர் ஒருத்தர் கூடவே இருப்பார். நானும் பரீட்சை எழுதித்தான் வந்திருக்கேன். ரெண்டு தடவை தோத்து, மூணாவதுல பாஸ்."

பேனாவைப் பிடித்த கை நின்றது.

"தோத்தது யாரு வயித்துலங்க?"

"யார் வயித்துலயும் இல்லைங்க. டிவியில."

"அப்பச் சரிங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.