நீனோவின் மேசையில் இரண்டு நேரம்

நியூசிலாந்தில், எல்லர்ஸ்லியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், நீனோவின் மேசைமேல் இரண்டு சின்ன மணிக்கூடுகள் இருக்கும். இரண்டுமே ஓக்லாந்து நேரம் காட்டாதவை. இரண்டுக்கும் இடையில் சரியாக ஒரு மணித்தியாலம் வித்தியாசம். அவள் ஜோர்ஜியாக்காரி. சோவியத் உடைந்தபின் அந்த நாடும் சண்டையில் பிளந்தது. அப்காசியா என்ற துண்டு தன்னைத் தனிநாடு என்று சொல்லிக்கொண்டு மொஸ்கோ நேரத்தை வைத்திருக்கிறது. நீனோவின் தாய் அங்கே, சொந்த வீட்டிலேயே வெளிநாட்டுக்காரியாகப் பதிந்து இருக்கிறார். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஜோர்ஜியாவில். நடுவில் ஒரு பாலம், ஒரு கேற். ஒரு மணிக்கூடு தாயின் வீட்டு நேரம், ஒரு மணித்தியாலம் முன்னே ஓடும் மற்றது ஆஸ்பத்திரி நேரம்.

இது எனக்கு உடனே விளங்கியது. போர்க்காலத்தில் கொழும்பு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியபோது புலிகளின் கையில் இருந்த வன்னி தள்ள மறுத்தது. அப்போது நான் கொழும்பு நேரம் ஓடிய வவுனியாவில். வன்னியில் இருந்த அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம்; ஆஸ்பத்திரி வவுனியாவில், நடுவில் ஆமியின் கேற். ஒரு லொறிக்காரரிடம், "அஞ்சு மணிக்குக் கேற் பூட்டிடுவாங்கள் அண்ணை, அதுக்கு முன்னம் அப்பாவை வரச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். எந்த ஐந்து என்று சொல்லவில்லை. அப்பா தன் கைமணிக்கூட்டில் நாலே முக்காலுக்கு வந்து நின்றார். கேற் பூட்டிக் கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனார். விசரன் நான், எந்த நேரம் என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.

போன செவ்வாய் பின்னேரம் நாலு பத்துக்கு நீனோவின் மேசையைக் கடந்தேன். அவள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் தாய்க்கு இதய சத்திரசிகிச்சை. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். பாலம் கடக்கும் அனுமதியும் அன்று ஒரு நாளுக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரி மணிக்கூடு எட்டைக் காட்டியதும் நீனோ அழைப்பாள், தாய் புறப்படுவார் என்பது ஏற்பாடு. பார்த்தேன். இரண்டு மணிக்கூட்டிலும் ஏழு பத்து. ஆஸ்பத்திரியில் இப்போது எட்டு பத்து ஆகியிருக்க வேண்டும்.

"நீனோ, உந்த மணிக்கூட்டில ஆர் கை வச்சது?"

பக்கத்து மேசை கிரெக் சிரித்தபடி நிமிர்ந்தான். "நான்தான். ஒண்டு ஃபாஸ்டா ஓடினது, சரியாக்கி விட்டன். நோ வொரிஸ்."

பாவம், நல்ல மனம்தான். அவன் ஊரில் நேரம் பிழைத்தால் பற்றரிதான் காரணம்.

நீனோ போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை தாய் எடுத்தார். தெரியாத மொழியில் நீனோ கத்தியது எனக்கு விளங்கியது. இப்பவே வெளிக்கிடு.

ஐந்தரைக்குச் செய்தி வந்தது, தாய் பாலம் கடந்துவிட்டார். நீனோ அழுதபடியே ஆஸ்பத்திரி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினாள்.

"நீ எப்பிடிக் கண்டாய்?"

"பழக்கம்" என்றேன்.

கிளென் ஈடனில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பினேன். இலங்கையில் இப்போது எல்லோருக்கும் ஒரே நேரம்தான்; நாடு ஒன்றாகிவிட்டது என்கிறார்கள். என் கையில் நியூசிலாந்து நேரம். அப்பாவுக்கு மட்டும் இன்னும் நாலே முக்கால்.