மடிப்புக் கடை சிங்கப்பூர் போன கதை

ஆவியில் வேகவைத்து விற்கிற தொழிலில் பண்டம் வேகுவதற்கு முன்னால் ஆள் வெந்துவிடுவான். இட்லிக் கடை வைத்தவர்கள், புட்டுக் கடையில் நின்றவர்கள், ஓட்டல் சமையல்கட்டில் ஒரே ஒரு சித்திரை மாதத்தைக் கழித்தவர்கள் எல்லோரும் இந்த வரியைப் படித்ததும் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எண்பதுகளின் நடுவில் ஆவடியில் ஆரம்பித்து, தொண்ணூறுகள் முடிவதற்குள் கடல் தாண்டிப் போன ஒரு கடையில் நான் வேலை பார்த்தேன். மைதா மாவைச் சின்ன அப்பளமாகத் தேய்த்து, நடுவில் கோழிக்கறியும் முட்டைக்கோஸும் வைத்து, விளிம்பைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மூடி, ஆவியில் வேகவைத்துக் காரச் சட்னியோடு கொடுப்போம். அதுதான் வியாபாரம். உங்களைப் போலவே நானும் பட்டவன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

கம்பெனி திறக்கும்வரை

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். சம்பள உயர்வு கேட்டோம், கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். பந்தலில் எத்தனை நாள்தான் சீட்டாடுவது? ஆவடி சேக்காட்டில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி லீலாவதி அம்மாவின் கடை. எல்லோருக்கும் அவர் லீலாக்கா. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ரங்கூனில் எதிர் வீட்டுச் சீனர் கடையில் பார்த்துப் பழகியதை, புருஷன் செத்தபிறகு இங்கே தொழிலாக்கியிருந்தார்.

ஒருநாள் அவருடைய ஆவி அண்டாவின் அடி ஒழுகியது. கூப்பிட்டார். போய்ப் பற்றவைத்துக் கொடுத்தேன். மறுநாள் மூடி சரியாக உட்காரவில்லை என்றார். அதற்கு மறுநாள் அடுப்பு. அதற்கப்புறம் எதுவும் ரிப்பேர் இல்லாமலேயே போக ஆரம்பித்தேன். பந்தலிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தான், கூட வேலை பார்த்த கோபால். இடுப்பில் துண்டும் கையில் கரண்டியுமாக நான் நின்றதைப் பார்த்தான். கம்பெனி திறக்கும்வரைதான் இது என்று சொன்னேன். ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னான்: "கம்பெனி தொறந்தா நான் வந்து சொல்றேன் மாமே. ஆனா இந்த அண்டா ஒன்னிய உடாது."

பெயர்

அப்போது பலகையில் 'ஆவிக் கொழுக்கட்டை' என்றுதான் எழுதியிருந்தோம். இங்கிலீஷில் டம்ப்ளிங் என்று எழுதினால் படிக்க ஆள் வேண்டும். கொழுக்கட்டை என்றால் விளக்க வேண்டாம் என்று நினைத்தோம்.

விநாயகர் சதுர்த்தி அன்று காலையில் ஆவடி டாங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், பூஜைக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். அவர் எதுவும் சொல்லவில்லை. கூட்ட நேரம், நானும் கேட்கவில்லை. பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டேன். அரைமணி நேரத்தில் அதே பொட்டலத்தோடு திரும்பி வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். நான் உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். லீலாக்கா வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மதியமே பலகையைச் சுண்ணாம்பால் அழித்து 'மடிப்பு' என்று எழுதினோம். பிறகு ஊருக்கும் அதுதான் பெயர். வந்தவர் கோபப்படவே இல்லை. பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லடே தம்பி. பிள்ளையார் பாக்கதுக்கு முன்னால நான் பிட்டுப் பாத்துட்டேன்."

மெஷின்

கடையில் ஆறு பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பத்தூர், திருமுல்லைவாயல், கோவில்பதாகை, சென்னீர்குப்பம், பூந்தமல்லி என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வருவார்கள். எல்லோரும் ஒருகாலத்தில் நாற்று நடப் போனவர்கள். வயல்கள் மனைகளாகிக் கல் நட்ட பிறகு நடுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. மூத்தவர் கன்னியம்மா. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் மடிப்பார்கள்.

எஸ்டேட் கேன்டீன்களிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. கை போதவில்லை. கடையின் கொள்முதலைப் பார்த்துக்கொண்டவர் லீலாக்காவின் தம்பி தங்கவேலு. ஒரு மெஷின் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் இரும்பைத் தொட்டு நாளாகியிருந்தது. எஸ்டேட்டில் ஒரு சிநேகிதன் பட்டறையில் அச்சு கடைந்து, கைப்பிடியைச் சுற்றினால் மடித்துத் தள்ளுகிற ஒன்றைச் செய்து கொண்டுவந்தேன். நன்றாகவே மடித்தது. வாடிக்கையாளர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு பெண்களும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கவேலு அக்காவை உள்ளே அழைத்து, இனி இவர்கள் எதற்கு, கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். தகரத் தடுப்புதான், எல்லோருக்கும் கேட்டது. லீலாக்கா வெளியே வந்து யாரையும் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கன்னியம்மா கிட்டே வந்து ஒரு மடிப்பைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் சொன்னார்: "மிசினு நல்லாத்தான் மடிக்குது. ஆனா வர்றவங்கள வா, குந்து, துன்னுன்னு கூப்புடுமா?"

நைனா

அடுத்த வாரம் லீலாக்கா அம்பத்தூரில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தார். அதற்குக் கன்னியம்மா பொறுப்பு. மடிப்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும், ஆளை அனுப்ப மனம் வரவில்லை, அதனால் ஆளுக்கொரு கடை. இவ்வளவுதான் அவர் போட்ட திட்டம். எனக்கு மேனேஜர் என்று பெயர் வைத்து, கடைகளைச் சுற்றிப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

கன்னியம்மாவுக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் நைனாதான். கழுத்தில் டை கட்டிய ஒரு கம்பெனி அதிகாரி தினமும் மதியம் வருவார். அவரிடமும் கன்னியம்மா "குந்து நைனா" என்றே சொல்வார். ஒருநாள் அவர் கூட வந்த வெளியூர் விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் கன்னியம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அதிகாரி "உக்காருங்க சார்" ஆனார். ஒரு வாரம் கழித்து அதே அதிகாரி என்னைப் பார்க்கக் காத்திருந்தார். தட்டைக் காட்டிச் சொன்னார்: "நைனாவா இருந்தப்போ ஒண்ணு ரெண்டு கூட விழும். சார் ஆனதுல எனக்கு நஷ்டம்தான். பழையபடியே கூப்பிடச் சொல்லுங்க."

மாமனார்

என் மாமனார் திருநின்றவூர்க்காரர். மகளை ஃபிட்டருக்குக் கட்டிக்கொடுத்தவர். மாப்பிள்ளை மாவு மடிக்கிறான் என்பதை அவரால் வெளியில் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர்களிடம் நான் இன்னும் கம்பெனியில்தான் இருப்பதாகச் சொல்லிவந்தார். அந்தக் கம்பெனி வாசலில் ஆளுயரத்துக்குச் செடி முளைத்திருந்தது. என் மனைவி இரண்டு பக்கமும் பேச முடியாமல் திண்டாடினாள்.

ஒரு நாள் அம்பத்தூர் கடையில் மூலை மேஜையில் வேர்க்க வேர்க்க ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அருகில் போய்ச் சட்னி ஊற்றினேன். கன்னியம்மா, அவர் வாரம் தவறாமல் வருகிறவர் என்று அப்போதுதான் சொன்னார். மாமனார் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் வந்தத ஊட்ல சொல்லிக்காத மாப்ள. சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்து."

நெடுஞ்சாலை

சென்னீர்குப்பத்தில் அக்கா தங்கை இரண்டு பேருக்காகக் கடை போட்டோம். பெங்களூர் ரோடு, லாரிகள் நிற்கும் இடம். ஓஹோ என்று ஓடும் என்று நினைத்தோம். லாரிகள் நின்றன, டிரைவர்கள் இறங்கினார்கள், எதிர்ப்பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். ஈ ஓட்டுவதற்கும் இரண்டு பேர் அதிகம் என்றார் தங்கவேலு. மூடிவிடலாம் என்று அவர் சொன்னது இந்தத் தடவை லீலாக்காவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அக்கா தங்கையிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு.

போனபோது ஒரே ஒரு டிரைவர் இருந்தார். மூன்று தட்டு முடித்திருந்தார், நாலாவது கேட்டார். அவர் எழுந்து போனதும் சொல்லலாம் என்று நானும் உட்கார்ந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. வாசலையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வியால்தான், சோறும் மிளகு ரசமும் சேர்த்துப் போட்டு, அந்தக் கடை இன்றைக்கும் நடக்கிறது. அவர் கேட்டது இது: "டிபன் நல்லாக் கீது தங்கச்சி. சாப்பாடு எப்ப போடுவீங்க?"

பரீட்சைக்கு வந்தவள்

கடைகள் அஞ்சாறு ஆனதும் பட்டணத்திலிருந்து வியாபார நிர்வாகம் படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். எங்கள் வளர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். மரியாதையான பெண். லீலாக்கா மாவு தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

எந்த இடத்தில் கிளை திறப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டாள். "மடிக்கிற பொம்பளைங்க வீட்டுக்கு நடந்து போற தூரத்துல பாப்பேன். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போவணும் இல்ல?" என்றார் அக்கா. எத்தனை கிளைகள் திறக்க உத்தேசம் என்றாள். மடிக்கிறவர்களில் இன்னும் ஒருத்திதான் பாக்கி என்றார். அப்புறம்? அப்புறம் என்ன, அவ்வளவுதான். அந்தப் பெண் பேனாவை மூடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், நீங்க சொன்னதை அப்படியே எழுதினா எனக்கு மார்க் போடமாட்டாங்க."

கொல்லன் தெருவில் ஊசி

அந்தப் பாக்கி ஒருத்தி செல்வி. ஆறு பேரில் இளையவள். பூந்தமல்லியில் அவள் வீட்டுப் பக்கம் கடை பிடித்தாயிற்று, பலகையும் எழுதியாயிற்று. அதற்குள் அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். வாடகை பாக்கி என்று வீட்டின் சொந்தக்காரர் சாமானைத் தூக்கி வெளியே வைத்தார். கடையை வேறு ஆள் வைத்து நடத்தினோம். செல்வி லீலாக்கா வீட்டிலேயே தங்கினாள். "உனக்கு எங்கதான்டி கடை வெக்கிறது?" என்று அக்கா கேட்டால், "எங்க வெச்சாலும் எனக்கு ஒண்ணுதான் அக்கா" என்பாள்.

தங்கை கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து பூந்தமல்லி வந்திருந்த காதர் என்பவர் எங்கள் மடிப்பைச் சாப்பிட்டார். அங்கே ஒரு கடை போடலாம், இடம் என் பொறுப்பு என்றார். சீனர்கள் இருக்கிற ஊரில் போய் இதை விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்று தங்கவேலு தலையில் அடித்துக்கொண்டார். லீலாக்கா செல்வியைப் பார்த்தார். செல்வி பாரிமுனைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. போகிறேன் என்றாள். காதர் எப்படியோ பர்மிட் வாங்கினார். எப்படி என்று நான் கேட்கவில்லை. அடுப்பும் அண்டாவும் அமைத்துக் கொடுக்க நானும் கூடப் போனேன்.

கடை திறந்ததிலிருந்து ஒரு சீனக் கிழவர் தினமும் வந்தார். ஒரு தட்டு வாங்குவார், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பார், சாப்பிடுவார், செல்வியை முறைப்பார், போய்விடுவார். அவருக்கு என்ன குறையோ தெரியவில்லை, அவர் நாலு பேரிடம் சொன்னால் கடை போய்விடும், திரும்பிப் போக எனக்கு வீடு இல்லை என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அன்றைக்கே அவர் எதிரில் போய் நின்று, தட்டைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டாள். கிழவர் நீளமாக ஏதோ பேசினார். சீனம் தெரிந்த காதர் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தார்: "இது எங்க பண்டம் இல்ல, யாராவது அப்படிச் சொன்னா நம்பாதேங்கிறாரு. நாளைக்குத் தம்பியைக் கூட்டிக்கிட்டு வர்றாராம், அந்தச் சட்னியை இன்னும் காரமா வைக்கணுமாம்."

வேலை கேட்டு வந்தவன்

சிங்கப்பூரில் இரண்டாவது கடையும், பிறகு துபாயிலும் கொழும்பிலும் கடைகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் ஆள் பழக்கியது செல்விதான். நான் ஊருக்குத் திரும்பிப் பூந்தமல்லிக் கடையில் இருந்தபோது ஒருவன் வந்து நின்றான். செல்வியின் புருஷன். மெலிந்திருந்தான். செல்வி இங்கே வேலைக்கு வருகிறாளா என்று கேட்டான். தகராறு பண்ணப்போகிறான் என்று நினைத்து, சிங்கப்பூரில் இருக்கிறாள், அங்கே கடைகளுக்கு அவள்தான் தலைமை என்று அழுத்திச் சொன்னேன். அவன் தகராறு எதுவும் பண்ணவில்லை. உட்கார்ந்தான். ஒரு தட்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, "அங்க ஆம்பள ஆளு எடுக்கறாங்களா அண்ணாத்தே?" என்று கேட்டான்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை செல்வி போன் செய்தபோது சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். பாத்திரத்தை உருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, மாவு எத்தனை மூட்டை என்று கேட்கிற குரலிலேயே சொன்னாள்: "ஆளு எடுக்கறோம்ணா. ஆனா இதுக்கு முன்னால இருந்த எடத்த ஏன் உட்டுட்டுப் போனன்னு கேப்போம். பதில் வெச்சிக்கினு வரச் சொல்லுங்க."

தொழில் பெருக மூளை வேண்டும், முதல் வேண்டும் என்கிறார்கள். எங்கள் லீலாக்காவுக்கு ஆளைக் கழித்துவிடத் தெரியாமல் இருந்ததே நாலு நாட்டுக்குப் போதுமானதாக இருந்தது.